கிரிஷாந்தனுக்கு இருபத்திரண்டு

தேயிலைத் தோட்டத்துக் காலைப் பெரட்டில் கங்காணி நல்லையா ஆட்களின் பேர் வாசிக்கும்போது ஒரு பேர் வரும். அது வந்ததும் மீனாம்பாள் குனிந்து கூடைக் கயிற்றைச் சரிசெய்வாள். கயிறு சரியாகத்தான் இருக்கும்.

"கிரிஷாந்தன்."

"இருக்கேன்."

பதில் சொன்னது அவள் மகன். பேர் அவனுடையதல்ல.

அவன் அஜந்தன். வயது பதினேழு. கிரிஷாந்தன் என்பவன் அவனுக்கு முன் பிறந்தவன். ஒன்பது மாதக் குழந்தையாகக் காய்ச்சலில் போனவன். பதுளை ஆஸ்பத்திரிக்குத் தோட்டத்து லொறியில் கொண்டுபோகும் வழியில் மீனாம்பாளின் மடியிலேயே சூடு அடங்கிவிட்டது. டிரைவர் ஒன்றும் கேட்காமல் லொறியைத் திருப்பினான். ஆலை மலைக்குக் கீழே, சவுக்கு மரத்தடியில் புதைத்தார்கள். பிறந்ததைப் பதிந்திருந்தார்கள். இறந்ததைப் பதிய யாரும் போகவில்லை. ஐப்பசி மழையில் நமுனுகுல ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. ரோடு திறந்தபோது போக மனம் வரவில்லை. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளை சாகவே இல்லை. வருஷத்துக்கு ஒரு வயது ஏறிக்கொண்டே இருந்தான்.

அவனை எழுப்பிக் கொண்டுவந்தது ஒரு காம்பரா, தோட்டம் கொடுத்த லயத்து அறை.

மீனாம்பாளின் புருஷன் பொன்னையா மலையில் தண்ணீர் வடியக் கான் வெட்டும்போது மண்மேடு சரிந்து இடுப்பு முறிந்தான். தோட்டத்துப் பதிவில் அவன் பேரை வெட்டினார்கள். மீனாம்பாளின் பேர் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன காலத்திலேயே வெட்டுப்பட்டது. திரும்பி வந்தவள் பேர் பதியாமல் கைக்காசுக்குத்தான் கொழுந்து எடுக்கிறாள். பேர் பதிந்த ஆள் ஒருவராவது இல்லாத வீட்டுக்குக் காம்பரா எதற்கு என்று ஆபீசில் கேட்டார்கள். அஜந்தனுக்கு அப்போது பதினைந்து, பேர் பதியும் வயது இல்லை. அந்தச் சமயத்தில்தான் நல்லையா இஸ்தோப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"மூத்தவனோட பொறப்புப் பத்திரம் வச்சிருக்கியா, மீனா?"

பெட்டியின் அடியில், குழந்தைத் தொப்பிக்குக் கீழே இருந்தது.

அதை வைத்து அடையாள அட்டை எடுத்தார்கள். படம் அஜந்தனுடையது. பேரும் வயதும் செத்தவனுடையவை. அந்தப் பேரிலேயே அவனைத் தோட்டத்து வேலைக்குப் பதிந்தார்கள். லயத்தில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டார்கள். ஒரு வீட்டுக் கூரையைப் பிரித்தால் அடுத்த வீட்டுக் கூரையும் சேர்ந்து வரும். லயத்தின் கட்டு அப்படி.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஆபத்து வேறு வாசலால் வந்தது.

*

அன்று மலையில் தூறல். பனி இறங்கி, நாலு தேயிலைச் செடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. குரல்தான் தெரிந்தது. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு நிரைக்கு நிரை ஏறினார்கள். கை ஓடும், வாயும் ஓடும்.

"கேட்டீங்களா, சாராயத்துக்கு இருவத்தொண்ணுங்கிற வயச பதினெட்டா எறக்கணும்னு ரேடியோவுல ஒருத்தரு பேசினாரு," என்றாள் சிவானுஜா. ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து போன வைகாசியில் வாழ்க்கைப்பட்டு வந்த பெண். வாய்த் துடுக்கு.

"எறக்கட்டும்," என்றாள் ராசம்மா. மீனாம்பாளின் அடுத்த காம்பராக்காரி. நடுவில் ஒரு சுவர்தான்; இவள் தாளித்தால் அவள் தும்முவாள். "பதினெட்டுன்னு வச்சா பார்ல மூடி போட்ட போத்தலயாச்சும் குடிப்பானுக. இல்லாட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் போயி களவாக் காச்சுற கசிப்பக் குடிச்சுட்டுக் கண்ணு தெரியாமக் கெடப்பானுக."

"அதத்தான் நானும் சொல்றேன் சித்தி. பதினெட்டுல ஓட்டுப் போடலாம், தாலி கட்டலாம், புள்ள பெத்துக்கலாம். சாராயத்துக்கு மட்டும் இருவத்தொண்ணா? எங்க வீட்டுக்காரருக்கு இருவது. அவரு குடிச்சா குத்தமாம். குடிச்சுட்டு வந்து என்னய அடிச்சா அதுக்கு வயசே இல்ல."

பனிக்குள் நாலைந்து சிரிப்புக் கேட்டது.

"சிரிங்கடி," என்றாள் மீனாம்பாள். "இருவத்தொண்ணுல இருந்து ஒரு நாள் கூட எறக்கக் கூடாது. இருவத்தஞ்சாக்குனாலும் நான் கையெழுத்துப் போடுவேன். மாதர் சங்கம்னு இத்தன பேரு போயி சந்திப் பார்ல நின்னு கத்துனமே, எதுக்கு? ஐடென்டி பாக்காமக் குடுக்காதேன்னுதானே. இப்பப் பாருங்க, போர்டே மாட்டியிருக்கான். ஒரு சின்னப் பயலும் வாங்க முடியாது."

"அதுக்கென்ன அத்தை, நீங்க தாராளமாப் பேசலாம்," சிவானுஜா சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஒங்க மகனுக்குத்தான் இருவத்திரெண்டாச்சே. எங்க வீட்டுக்காரருக்கே அவருதான் வாங்கியாந்து குடுக்குறாரு. லயத்துப் பயலுக எல்லாருக்கும் அவரு கார்டுதானாமே."

கொழுந்து கிள்ளும் சத்தம் நின்றது. சின்னச் சத்தம்தான் அது. நின்றபோதுதான் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

புதிதாக வந்தவள். அவளுக்குக் கிரிஷாந்தன் கிரிஷாந்தன்தான். என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் முகங்களைப் பார்த்தாள். எல்லோரும் செடியைப் பார்த்தார்கள்.

மீனாம்பாள் ராசம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியுமா?"

"மழ வலுக்குது," என்றாள் ராசம்மா. "கூடைய மூடு."

*

அஜந்தன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை முடிந்து நாலு மணிக்கு வந்தான். கத்தியைச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தான். தோள் அகன்று, உள்ளங்கை காய்த்து, பின்னாலிருந்து பார்த்தால் பொன்னையாவின் பழைய உடம்பு. முன்னால் பார்த்தால் மீசை இன்னும் புகை மாதிரிதான்.

அடுப்பில் ரொட்டி வெந்தது. அம்மியில் கட்டச்சம்பலுக்கு மிளகாயை நசுக்கிக்கொண்டே மீனாம்பாள் கேட்டாள்.

"எத்தன நாளா இந்த வேல?"

"எந்த வேல?"

"சாராயம் வாங்கிக் குடுக்குற வேல."

அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். அவசரப்படவில்லை. "பயலுக கேக்குறானுக. வாங்கிக் குடுக்குறேன்."

"நீயும் குடிக்கிற."

"கொஞ்சம்."

"யாருடா ஒனக்குக் குடிக்கக் குடுத்தது? எவென் வாயில ஊத்துனான்?"

பதில் கட்டிலிலிருந்து வந்தது. "கத்தி கழுவுறப்ப குடிச்சிருப்பான்," என்றான் பொன்னையா. கூரையைப் பார்த்தபடியே சொன்னான்.

மீனாம்பாளுக்கு அது தெரியாததல்ல. கவ்வாத்துக்குப் புதிதாகக் கத்தி பிடிக்கிறவன் முதல் மலையை முடித்ததும் கூட்டாளிகள் அவன் கத்தியைச் சாராயத்தால் கழுவுவார்கள். மிச்சத்தைப் புது ஆள்தான் முதலில் குடிக்க வேண்டும். குடிக்காதவன் கத்தி காலில் பாயும் என்று ஒரு பேச்சு. பரம்பரையாக நடப்பது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு யாரும் கத்தி கழுவியதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை கவ்வாத்துக்குப் போனதும் இல்லை.

"நீங்களும் தெரிஞ்சுக்கிட்டா படுத்திருந்தீங்க?"

"அன்னைக்கி வாட வந்துச்சு. என்னா சொல்லச் சொல்ற? நான் பதினஞ்சுதான், எனக்கு ஊத்தாதீங்கன்னு அவென மலையில நின்னு சொல்லச் சொல்றியா? சொன்னா நாளைக்கே ஆபீசுக்குப் போயிரும்."

மீனாம்பாள் மகன் பக்கம் திரும்பினாள். "நீ இனி அந்தப் பார்ப் பக்கம் போகக் கூடாது. பதினேழு வயசுப் பய மாதிரி இரு."

அஜந்தன் சிரித்தான். கெட்ட சிரிப்பல்ல. களைத்த சிரிப்பு.

"ஆபீசுல எனக்கு இருவத்திரெண்டு. மலையில இருவத்திரெண்டு, அந்தக் கணக்குக்குத்தான் செடி வெட்டுறேன். பார்ல இருவத்திரெண்டு. இந்த அடுப்படியில வந்து ஒக்காந்தா மட்டும் பதினேழு. நீயே சொல்லும்மா. நான் எங்கன எந்த வயசுல நிக்கிறது?"

அம்மிக்குழவி அவள் கையில் அப்படியே நின்றது. ரொட்டி கருகும் வாசனை வந்தது. யாரும் எழுந்து திருப்பிப் போடவில்லை.

*

மறுநாள் கொழுந்தை எடைபோட்டதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. சந்திக்கு இறங்கினாள்.

பார் முகாமையாளர் ஜெயராசா பதுளைக் கடைக்காரக் குடும்பம். நெற்றியில் திருநீறு, மேசையில் சாமி படம், பின்னால் போத்தல் வரிசை. கம்பி வலைக்கு அப்பால் அவளைக் கண்டதும் எழுந்து பக்கக் கதவுக்கு வந்தார்.

"என்ன அக்கா, மறுபடியும் ஊர்வலமா?"

"தனியாத்தான் வந்தேன் மொதலாளி."

"பாருங்க, போர்ட் மாட்டிட்டேன். இருபத்தொன்றுக்குக் கீழ் இல்லை. மூணு மொழியிலயும் இருக்கு. நீங்க கேட்டதுக்காகத் தமிழைப் பெரிசாப் போட்டேன்."

"ஒரு பயலுக்குக் குடுக்காதீங்கன்னு சொல்ல வந்தேன்."

"எந்தப் பையன்?"

"எம் மகன்."

"பேரு?"

அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. மற்றவர்கள் வாசிக்கத்தான் கேட்டிருக்கிறாள்.

"கிரிஷாந்தன்."

"ஓ, கிரிஷாந்தனா. அவருக்கு இருபத்திரண்டு அக்கா. நானே கார்ட் பார்த்திருக்கேன். மரியாதையான பையன், வரிசையில நின்னு வாங்குவாரு."

"அவென் வாங்கிட்டுப் போயி சின்னப் பயலுகளுக்குக் குடுக்குறான்."

ஜெயராசாவின் முகம் மாறியது. "அது குற்றம். நான் கேட்டுக் கண்டிக்கிறேன். ஆனா அவருக்கே இல்லைன்னு எப்படிச் சொல்றது? வயசு வந்த ஆம்பளை. தாய் வந்து குடுக்காதேன்னு சொல்ற கணக்குக்கு மறுத்தா, இந்தத் தோட்டத்துல ஒருத்தருக்கும் நான் விக்க முடியாது. வயசுல பிழை இருக்கா? இருந்தா சொல்லுங்க. ஒரு வரி எழுதித் தாங்க. இன்னைக்கே நிப்பாட்டுறேன், பொலிசுக்கும் சொல்லிடுறேன்."

அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். அதுதான் அவளைக் கொன்றது. கெட்டவனாக இருந்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருக்கலாம்.

ஒரு வார்த்தை. 'கார்டு பொய்' என்ற ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மகனுக்குப் பார்க் கதவு மூடும். காம்பராக் கதவும் மூடும். இடுப்பு முறிந்த புருஷனை எந்த மரத்தடியில் கிடத்துவது?

"சொல்லுங்க அக்கா. கார்ட்ல பிழையா?"

"கார்டு சரிதான்," என்றாள் மீனாம்பாள்.

வெளியே வந்தபோது, அவள் போராடி மாட்ட வைத்த போர்டு மழையில் நனைந்துகொண்டிருந்தது. தமிழ் பெரிதாகத்தான் இருந்தது.

*

சனிக்கிழமை அரை நாள் வேலை. மழை விட்டு வெயில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. பெரட்டுக்களத்தில் மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் கிரிக்கெட். பெண்கள் தண்ணீர் கொட்டும் பீலியடியில் துணி துவைத்தார்கள்.

"ஒம் மகன் இன்னைக்கி ஆறு அடிச்சான், பந்து தேயிலைக்குள்ள போயிருச்சு," என்றாள் ராசம்மா. "எம் பய ஜெயரூபன் அதத் தேடப் போயி அட்டையோட வந்தான்." அவள் பேச்சில் ஒரு சமாதானம் இருந்தது. மலையில் பேசாமல் விட்டதற்கான சமாதானம். "நீ கோவிச்சுக்கிட்டியா மீனா? நான் எப்படிடி ஒங்கிட்ட வந்து சொல்றது? எம் பய குடிக்கிறதில்ல. பதினஞ்சு வயசுல அவனுக்கென்ன தெரியும். சும்மா அவனுக பின்னாடி திரியிறான்."

மீனாம்பாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மேலே பழைய தேயிலைப் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள்.

நாலு பையன்கள் ஒரு கொழுந்துப் படங்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒரு முனையை அஜந்தன் பிடித்திருந்தான். படங்குக்குள் ஜெயரூபன். முகம் சுண்ணாம்பு மாதிரி. வாயோரம் நுரை. கிட்ட வந்தபோது சாராய வாடை பீலித் தண்ணீருக்கும் மேலே அடித்தது.

மேல் லயம் ஜெயித்திருக்கிறது. ஜெயித்தவர்கள் மறைவுக்குப் போயிருக்கிறார்கள். தண்ணி கலக்காமல் அரைப் போத்தலை ஒரே மூச்சில் குடிப்பாயா என்று எவனோ ஜெயரூபனைச் சீண்டியிருக்கிறான். பெரிய பையன்கள் கூட்டத்தில் முதல் தடவையாக அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட சந்தோஷத்தில் அவன் குடித்திருக்கிறான்.

"நான் வேணாம்னு சொன்னேன்," என்றான் அஜந்தன். "அம்மா, நான் வேணாம்னுதான் சொன்னேன்."

"போத்தலு யாரு வாங்குனது?"

அவன் படங்கின் முனையைக் கீழே இறக்கினான்.

சந்தியில் ஓட்டும் றில்வானின் ஆட்டோ வருவதற்குள் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. ராசம்மா கத்தவில்லை. துவைத்த துணியைப் பிழிவதுபோல் மகனின் கையைப் பிசைந்துகொண்டே இருந்தாள். றில்வான் வளைவுகளில் ஹோர்ன் அடித்து அடித்து இறங்கினான். பின்சீட்டில், மீனாம்பாளின் மடியில் கிடந்த ஜெயரூபனின் தலை ஒவ்வொரு வளைவுக்கும் ஆடியது. மீனாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த ரோட்டில் ஏற்கெனவே ஒரு தடவை மடியில் பிள்ளையோடு போயிருக்கிறாள். எந்த வளைவு என்று கண்ணை மூடினாலும் அவளுக்குத் தெரிந்தது. அந்த வளைவைத் தாண்டியும் இந்தப் பிள்ளைக்கு மூச்சு இருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் கதவு போட்ட அறைக்குள் கொண்டுபோனார்கள். வாந்தி நெஞ்சுக்குள் போய்விட்டது, மெஷினில் போட்டிருக்கிறோம், இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் ராசம்மா பேசினாள். குரல் உயரவில்லை.

"முந்தி பெரியாம்பளைங்க பார்ல குடிச்சிட்டு அங்கனயே விழுந்து கெடப்பாங்க. பயலுக வாசல்ல நின்னா மொதலாளி வெரட்டுவாரோ மாட்டாரோ, கால் போத்தலுக்கு மேல கெடைக்காது. நீ போயி போர்டு மாட்ட வச்ச. கார்டு இருக்குற ஒம் மகன் போத்தல் போத்தலா மலைக்கே கொண்டாந்தான்."

"ராசம்மா..."

"நானுந்தானே ஒன் பின்னால வந்து கத்துனேன்," என்றாள் ராசம்மா. "போ மீனா. இங்கன ஒக்காராத. ஒன்னயப் பாத்தா எனக்கு என்னென்னமோ சொல்ல வருது."

*

ஞாயிறு காலை, அஜந்தனைப் பொலிஸ் வந்து கூட்டிப்போனது. மீனாம்பாள் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்த இன்னொரு பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனாள். ராத்திரி முழுக்க யோசித்து முடிவெடுத்திருந்தாள். காம்பரா போனால் போகட்டும்.

ஸ்டேஷன் பெஞ்சில் அவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னாள்.

"பதினேழுன்னு சொல்லிருவோம்டா. சின்னப்புள்ளன்னா வேற மாதிரி விசாரிப்பாங்களாம். ஜெயிலுக்குள்ள பெரியாளுகளோட போடமாட்டாங்களாம். றில்வான் சொன்னான்."

"காம்பரா?"

"அது கெடக்கு."

"அப்பா எங்கம்மா படுக்கும்?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

ஸ்டேஷன் பெரியவர் சிங்களத்தில் கேட்டார். முஷ்ரிபா என்ற பெண் பொலிஸ் தமிழில் சொன்னாள். வெலிமடைப் பக்கத்துப் பெண். முகத்தில் இரக்கம் இருந்தது. பையிலிருந்த பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"இது யாருட?"

"இவனோடது, தங்கச்சி. இந்தா நிக்கிறவனோடது. இவென் அஜந்தன். பதினேழு வயசு."

"கார்ட்ல கிரிஷாந்தன் என்று இருக்கே. இருபத்திரண்டு."

"அது மூத்தவன்."

"மூத்தவர் எங்க? கொழும்பில வேலையா?"

"செத்துட்டான். ஒம்பது மாசத்துல செத்துட்டான். அவென் பத்திரத்த வச்சு இவனுக்குக் கார்டு எடுத்தோம்."

முஷ்ரிபா பெரியவரிடம் சொன்னாள். பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். நீளமாக ஏதோ சொன்னார்.

"மரணப் பத்திரம் இருக்கா என்று கேட்கிறார்."

மீனாம்பாள் இல்லை என்று கையை விரித்தாள்.

"மூத்த மகனைக் காப்பாத்த இளைய மகன்ட பத்திரத்தைக் கொண்டு வந்திருக்கிறீங்க என்று சேர் நினைக்கிறார். இப்படி நிறையப் பேர் வாறாங்களாம்."

"எனக்கு ஒரே மகன்தான் தங்கச்சி."

"பத்திரம் ரெண்டு இருக்கே அம்மா."

"குழி இருக்கு. ஆலை மலைக்குக் கீழ சவுக்கடியில. வாங்க, காட்டுறேன். லயத்துல எல்லாருக்கும் தெரியும். கங்காணியக் கேளுங்க, அவருதான் வெளிய நிக்கிறாரே."

நல்லையாவைக் கூப்பிட்டார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மீனாம்பாளின் கண்ணைப் பார்க்காமல் மேசைக் காலைப் பார்த்தார்.

"இவர் யார்?"

"கிரிஷாந்தனுங்க."

"நல்லாத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா நாந்தானுங்க காலையில பேர் வாசிக்கிறேன்."

"கங்காணி," என்றாள் மீனாம்பாள்.

நல்லையா திரும்பி, சின்னக் குரலில், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஒன் வீட்டோட நிக்காது மீனா. இத நோண்டுனா கீழ் லயத்துலயும் நோண்டுவாங்க. இப்படிப் பேர் பதிஞ்சது நீ ஒருத்தி மட்டுமா? எத்தன குடும்பம் ரோட்டுக்கு வரும்னு நெனச்சுப் பாத்தியா?" பிறகு இன்னும் சின்னக் குரலில், "எனக்கும் நாலு பொம்பளப் புள்ளைங்க," என்றார்.

முஷ்ரிபா நாற்காலியை இழுத்துப் போட்டு மீனாம்பாளை உட்கார வைத்தாள். "அம்மா, விளங்கச் சொல்றேன். இவருக்குப் பதினேழு என்றால் இந்தக் கார்ட் பொய். அப்ப கார்ட் எடுத்த நீங்க, சிபாரிசு செய்தவங்க, எல்லாருக்கும் வேற கேஸ். இருபத்திரண்டு என்றால், வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குச் சாராயம் குடுத்த கேஸ் இவருக்கு மட்டும். நாளைக்கு நீதவான்கிட்ட கொண்டுபோவோம். அந்தப் பிள்ளை பிழைச்சா ஒரு கணக்கு. இல்லாட்டி..." அவள் முடிக்கவில்லை. "சேர் கடைசியா அவர்கிட்டயே கேட்கிறேன் என்கிறார்."

பெரியவர் அஜந்தனைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிறந்ததிலிருந்து எந்த ஆபீசிலும் யாரும் அவனிடம் நேராகக் கேட்டதில்லை. அம்மா சொல்வாள், அல்லது கங்காணி சொல்வார், அல்லது கார்டு சொல்லும்.

"உங்கட பேர் என்ன?"

மீனாம்பாள் அவன் கையைப் பிடித்தாள். காய்த்த கை. 'சொல்லுடா' என்றாள், சத்தம் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

அவன் கையை மெதுவாக உருவிக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். நிமிர்ந்தான். பெரட்டில் நிற்பது அப்படித்தான்.

"கிரிஷாந்தன்."

"வயசு?"

"இருவத்திரெண்டு."

பெரியவர் எழுதினார். பொலித்தீன் பையில் கிடந்த பத்திரத்தை முஷ்ரிபா மடித்து மீனாம்பாளிடம் நீட்டினாள். "இதைப் பத்திரமா வச்சுக்கொள்ளுங்க அம்மா. இளைய மகனுக்குத் தேவைப்படும்."

*

திங்கட்கிழமை பெரட்டில் பனி. நிரையில் மீனாம்பாளுக்குப் பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது. ராசம்மா இன்னும் ஆஸ்பத்திரி பெஞ்சில்தான். ஜெயரூபன் இன்னும் கண் திறக்கவில்லை. சிவானுஜா தலைத்துணியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

நல்லையா வாசித்துக்கொண்டே வந்தார். குரல் எப்போதும் போல இருந்தது. ஒரு பேருக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் நின்றது.

"கிரிஷாந்தன்."

யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் இல்லாத பேரைச் சும்மா விட முடியாது. காரணம் இல்லாமல் தொடர்ந்து சில நாள் வேலைக்கு வராவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் காம்பரா போகும். ஸ்டேஷனில் அவன் அந்தப் பேரையும் வயதையும் தன்மேல் வாங்கிக்கொண்டதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். நல்லையா பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"என்னான்னு போட?"

மீனாம்பாள் கூடைக் கயிற்றைத் தொடவில்லை. நேராக நின்றாள். ஆலை மலைக்குக் கீழே சவுக்கு மரங்கள் பனிக்குள் ஒன்றொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

"காய்ச்சல்னு போடுங்க, கங்காணி."